இரண்டாவது ஐரிஷ் பெட்டி: காசு எங்கே போக வேண்டும்

கொழும்பில் ஐரிஷ் மரபிசை பழகத் தொடங்குபவரின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் சீனாவில் செய்த இரண்டு வரிசைப் பட்டன் அக்கோடியன், சுருக்கமாகப் பெட்டி. இல்லாவிட்டால் லண்டனிலிருந்து சித்தப்பாவோ மாமாவோ கொண்டுவந்து கொடுத்த பழைய ஹோனர் பெட்டி. வழக்கமாக வலப்பக்கம் 21 பட்டன், இடப்பக்கம் 8 பேஸ் இருக்கும். மெட்டுகளைப் பாடமாக்கவும் விரல்களுக்கு வழி பழகவும் அது தாராளமாகப் போதும். ரீல் என்னும் நடன மெட்டின் வேகம் கூடக்கூடத்தான் சிக்கல் வரும்: சுரங்கள் தாமதமாக ஒலிக்கும், ஒரு சொற்றொடர் முடிவதற்குள் துருத்தியில் காற்று தீர்ந்துவிடும், பட்டன்கள் தட்டும் சத்தம் மெட்டுக்கு மேலே கேட்கும். அந்தக் கட்டத்தில் நின்றுகொண்டு அடுத்த பெட்டி தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காசு போக வேண்டிய இடங்கள் இரண்டு: ரீட் (காற்றில் அதிர்ந்து சுரம் தரும் உலோக நாக்கு), காற்றுக் கசியாத கட்டுமானம். ஒரு பட்டனை அழுத்தினால் எத்தனை ரீட் சேர்ந்து ஒலிக்கிறதோ அத்தனை குரல் என்பது பெட்டிக்காரர் கணக்கு. மூன்று குரல், நான்கு குரல், குரல்களைச் சேர்க்கவும் நிறுத்தவும் வரிசையாக ஸ்டொப், பளபளக்கும் செலுலோயிட் மேலுறை என்று கடைக்காரர் காட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். நல்ல ரீட் போட்ட இரண்டு குரல் பெட்டி, சுமாரான ரீட் போட்ட மூன்று குரல் பெட்டியை எப்போதும் வெல்லும். ஐரிஷ் இசையில் வேலை முழுவதும் ஒற்றை மெட்டில்தான். அதிலுள்ள சின்னச் சின்ன அலங்காரங்களான வெட்டுகளும் மூன்றடுக்குகளும் தெளிவாகக் கேட்காவிட்டால் எத்தனை குரல் இருந்தும் பயனில்லை.

கையில் இருக்கும் பெட்டியை முதலில் சோதியுங்கள்

வாங்குவதற்கு முன்பு, இப்போதைய பெட்டியில் எந்தக் குறையைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 

முதலாவது காற்று. துருத்திப் பட்டிகளைக் கழற்றி, பட்டன் பக்கத்தை மேலே பிடித்து, பேஸ் பக்கம் தன் எடையில் தொங்கும்படி விடுங்கள். எந்தப் பட்டனும் அழுந்தக் கூடாது. கீழே மெத்தையோ மடியோ இருக்கட்டும். துருத்தி மெதுவாக, தயங்கித் தயங்கி இறங்க வேண்டும். 5 விநாடிக்கு முன்பே முழுவதும் திறந்துவிட்டால் கசிவு பெரிது என்பது என் அளவுகோல். கசிவு எங்கே என்று அறிய, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, துருத்தியை மெதுவாகச் சுருக்கியபடி, துருத்திச் சட்டமும் பெட்டியும் சேரும் விளிம்பு வழியாக, மடிப்பு மூலைகள் வழியாக, பட்டன்களுக்கு அடியிலுள்ள மூடிகள் வழியாகப் புகையை மற்றவர் ஒருவர் நகர்த்தட்டும். புகை சட்டென்று விலகும் இடம்தான் ஓட்டை. தணல் செலுலோயிட்டிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். அது மிக வேகமாகத் தீப்பிடிக்கும் பொருள்.

விளிம்பில் கசிவு என்றால் அது வீட்டிலேயே முடிகிற வேலை. துருத்தியைப் பெட்டியுடன் பிடித்திருக்கும் ஊசிகளைச் சின்னக் குறட்டால் நேராக இழுத்து எடுங்கள். ஒவ்வொன்றும் அதே துளைக்குத் திரும்ப வேண்டும் என்பதால், ஓர் அட்டையில் பெட்டியின் வடிவத்தை வரைந்து ஊசிகளை அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். துருத்தி எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பென்சிலால் குறிப்பது அவசியம். விளிம்பை அடைக்கும் பழைய ஒட்டுத்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, கார் துடைக்க விற்கும் ஷாமி தோலில் மெல்லிய கீற்றுகள் வெட்டி ஒட்டுங்கள். மூலைகளில் இடைவெளியும் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது. ஏறினால் அந்த மூலை தூக்கி நின்று புதிய கசிவு வரும். மூடிகளின் அடித்தோல் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றலாம், ஆனால் மூடி பழைய உயரத்திலேயே உட்கார வேண்டும். கொழும்பில் ஆர்மோனியமும் சேர்ப்பினாவும் திருத்துபவர்கள் இந்தத் தோல் வேலையை வடிவாகச் செய்வார்கள். ரீட்டில் மட்டும் கைவைக்கச் சொல்லாதீர்கள். ஆர்மோனிய ரீட் பித்தளை. அக்கோடியன் ரீட் அலுமினியத் தகட்டில் தறைந்த உருக்கு நாக்கு. பித்தளைக்குப் பழகிய அரம் உருக்கு நாக்கில் ஆழமான கீறலை விட்டுவிடும், அந்தக் கீறலில் பின்னர் நாக்கு முறியும்.

இரண்டாவது சோதனை ரீட்டுக்கு. ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு துருத்தியை முடிந்தளவு மெதுவாக அசையுங்கள். சுரம் எப்போது உயிர்பெறுகிறது? இரண்டு குரலும் சேர்ந்து தொடங்குகின்றனவா, ஒன்று பின்னால் வருகிறதா? பிறகு அதே பட்டனை மூன்று விரல்களால் மாறி மாறி மிக வேகமாகத் தட்டுங்கள். மூன்று தனித்தனி ஒலி கேட்க வேண்டும். மலிவுப் பெட்டியில் இரண்டுதான் கேட்கும், தாழ்ந்த சுரங்களில் ஒன்றுதான். கடைசியாக, துருத்தியைப் பலமாக வேகத்துடன் இழுத்துப் பாருங்கள். சுரம் அடைத்துக்கொண்டால் அந்த ரீட்டின் நுனி தகட்டுக்கு மிக அருகே படிந்திருக்கிறது. நுனி அதிகம் உயர்ந்திருந்தால் எதிர்மாறு: பேசத் தாமதிக்கும், காற்றையும் குடிக்கும். நுனியின் இடைவெளி நாக்கு நுனியின் தடிப்பளவு இருக்கட்டும் என்பது திருத்துபவர்கள் சொல்லும் கணக்கு. 

ஒன்றிரண்டு ரீட்டில் மட்டும் இந்தக் குறை என்றால் திருத்தலாம். எல்லாப் பட்டனிலும் ஒரே மந்தம் என்றால் அது ரீட்டின் தரம். நாக்குக்கும் துவாரத்தின் ஓரத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அகலமாக வெட்டப்பட்டிருக்கிறது. காற்று நாக்கை அசைக்காமல் பக்கவாட்டில் ஓடிப்போகிறது. இதற்குத் திருத்தவேலை கிடையாது. புதிய பெட்டி தேட இது நியாயமான காரணம்.

எந்த ஏற்பாடு

மேலே சொன்ன சீனப் பெட்டிகள் ஜி/சி, சி/எஃப் சுருதிகளில் வருவதுண்டு. இரண்டு எழுத்தும் இரண்டு வரிசைகளின் சுருதிகள்; ஒரே பட்டன் துருத்தியைச் சுருக்கும்போது ஒரு சுரமும் விரிக்கும்போது இன்னொன்றும் தரும். வெளியே எழுதியிருக்காது. கண்டுபிடிக்கும் வழி இலேசு: துருத்தியைச் சுருக்கியபடி ஒரு வரிசையின் நடுவிலுள்ள அடுத்தடுத்த மூன்று பட்டன்களை அழுத்தி, கைபேசியிலுள்ள ட்யூனரில் பாருங்கள். சுருக்கும்போது ஒரு வரிசை தருவது மூன்றே சுரங்கள்தான், அவை மேலே மேலே திரும்ப வரும். சி, ஈ, ஜி என்று வந்தால் அது சி வரிசை. 

ஐரிஷ் மெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை டி, ஜி, ஏ ஆகிய சுருதிகளிலும் அவற்றோடு சேர்ந்த ஈ மைனர், ஏ மைனர், பி மைனர் வகைகளிலும் நிற்பவை. ஜி/சி பெட்டியில் டி சுருதிக்குத் தேவையான சி ஷார்ப் வரிசையில் இல்லை. டி/ஜி பெட்டி கொஞ்சம் மேல்: சி ஷார்ப் டி வரிசையிலும், சாதாரண சி ஜி வரிசையிலும் கிடைக்கும். ஆனால் ஏ சுருதி மெட்டுகள் கேட்கும் ஜி ஷார்ப் இரண்டு வரிசையிலும் இருக்காது, அல்லது ஓரத்தில் ஒரே ஒரு பட்டனில் ஒளிந்திருக்கும். இதனால்தான் அயர்லாந்தில் வரிசைகள் அரைச்சுர இடைவெளியில் நிற்கும் இரண்டு ஏற்பாடுகள் நிலைத்தன: பி/சி, சி ஷார்ப்/டி. இரண்டிலும் பன்னிரண்டு சுரங்களும் உண்டு. மலிவுப் பெட்டியை ஒரு ஏற்பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். ரீட் மாற்றும் கூலி பெட்டியின் விலையைத் தாண்டிவிடும்.

பி/சி பெட்டியில் டி சுருதியின் ஆரோகணம் இப்படிப் போகும். டி சுரம் சி வரிசையில், துருத்தியை விரித்து. ஈ, எஃப் ஷார்ப், ஜி மூன்றும் சுருக்கி. அதில் எஃப் ஷார்ப் மட்டும் பி வரிசை. பிறகு ஏ, பி, சி ஷார்ப், மேல் டி நான்கும் விரித்து. அதில் சி ஷார்ப் மட்டும் பி வரிசை. ஒரு ஸ்தாயி முழுவதும் ஏறத் துருத்தி இரண்டே தடவை திசை மாறுகிறது. அதனால்தான் பி/சி வாசிப்பு வழுக்கிக்கொண்டு ஓடும். அயர்லாந்தின் டிப்பெரேரியைச் சேர்ந்த பாடி ஓ பிரையன் 1950களில் இந்தப் பாணியைப் பரப்பினார். ஜோ பர்க், ஷரன் ஷனன், மார்ட்டின் ஓ கொனர் எல்லோரும் பி/சி வாசிப்பவர்களாகவே அறியப்பட்டவர்கள். அலங்காரங்களுக்கும் இந்த அமைப்பு கைகொடுக்கும். டி சுரத்தில் ரோல் போட வேண்டும் என்றால் டி, ஈ, டி, சி ஷார்ப், டி ஐந்தையும் ஒரே விரிப்பில் முடிக்கலாம், ஏனென்றால் ஈ சுரம் பி வரிசையிலும் விரிப்பில் இருக்கிறது. 

சி ஷார்ப்/டி பெட்டியில் அதே ஆரோகணம் முழுவதும் டி வரிசையிலேயே முடியும்: சுருக்கு, விரிப்பு, சுருக்கு, விரிப்பு, சுருக்கு, விரிப்பு, விரிப்பு, சுருக்கு. ஆறு தடவை திசை மாறுகிறது. இந்தத் துள்ளல்தான் அதன் அழகு. கோர்க், கெரி எல்லையிலுள்ள ஸ்லீவ் லூக்ரா பகுதியின் போல்கா, ஸ்லைட் நடன மெட்டுகளுக்கு இது பிறந்தது போலவே பொருந்தும். ஜக்கி டேலி வாசிப்பதைக் கேட்டால் புரியும். சாதாரண சி வேண்டும் என்றால் சி ஷார்ப் வரிசைக்கு ஒரு விரல் போய்வந்தால் போதும், அதுவும் விரிப்பில்.

எது சிறந்தது என்று இணையத்தில் முடியாத வாதம் நடக்கிறது. கொழும்பில் இருப்பவருக்கு வாதம் சுருங்கிவிடும். இங்கே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளைக் காண்பது அரிது, பாடம் எல்லாம் காணொளிதான். எந்தக் கலைஞரின் வாசிப்பு உங்கள் காதுக்குள் நிற்கிறதோ, எந்த ஆசிரியரின் காணொளியைப் பின்பற்றப் போகிறீர்களோ, அந்த ஏற்பாட்டை வாங்குங்கள். ஏற்கனவே பி/சி பழகியிருந்தால் நல்ல விலைக்கு சி ஷார்ப்/டி ஒன்று வந்தது என்பதற்காக மாறாதீர்கள். விரல் ஞாபகம் முழுவதும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பி/சி வாங்குபவர் ஒன்றை எதிர்பார்க்க வேண்டும். டி சுருதி மெட்டுகளில் விரிப்புச் சுரங்கள் அதிகம் என்பதால் துருத்தி திறந்துகொண்டே போகும். இடது பெருவிரலிலுள்ள காற்றுப் பட்டனைச் சுருக்குச் சுரங்களோடு சேர்த்து அரைகுறையாக அழுத்தி, மெட்டு நிற்காமல் துருத்தியை மூடப் பழக வேண்டும். பி சுரத்தை பி வரிசையில் சுருக்கி எடுப்பதும் உதவும். கசியும் பெட்டியில் இந்தச் சமநிலை கைக்கு வராது. பலர் தங்கள் கையில் குறை என்று நினைப்பது உண்மையில் பெட்டியின் குறை.

ரீட்டும் சுருதி சேர்ப்பும்

இத்தாலிய ரீட் செய்பவர்கள் தரத்தைப் பிரிக்கும் பெயர்கள் விலைப்பட்டியலில் வரும். இயந்திர ரீட் கீழ்ப்படி. துரால் என்னும் அலுமினியக் கலவைத் தகட்டில் வருவது அதற்கு மேல். டிப்போ ஆ மானோ என்பது இயந்திரத்தில் வெட்டி, கைவேலைத் தரத்துக்கு நெருக்கமாக முடித்தது. ஆ மானோ என்பது உருக்குப் பட்டையிலிருந்து வெட்டிக் கையால் பொருத்தியது. நாக்கின் ஓரங்களில் நீல நிறம் தெரியும். இரண்டாவது பெட்டிக்கு டிப்போ ஆ மானோ போதும், அதில் தயக்கமே வேண்டாம். ஆ மானோவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் மிக மெல்லிய அழுத்தத்தில்தான் தெரியும். இயந்திர ரீட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் முதல் மெட்டிலேயே தெரியும்.

எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் சுருக்கில் ஒரு சுரம், விரிப்பில் ஒரு சுரம் என்பதால், 21 பட்டன் இரண்டு குரல் பெட்டியில் வலப்பக்கம் மட்டும் 84 ரீட். 23 பட்டன் மூன்று குரல் என்றால் 138. எடை கூடுகிறது, காற்றுச் செலவு கூடுகிறது, பிறகு சுருதி சேர்க்கும் கூலியும் கூடுகிறது. கொழும்பில் ஐரிஷ் பெட்டிக்குச் சுருதி சேர்க்கத் தெரிந்தவரை வைத்துக் கணக்குப் போட முடியாது என்பதால் இந்த எண்ணிக்கை பெரிய விஷயம். 

இரண்டு குரல் பெட்டியில் இரண்டு ரீட்டும் ஒரே சுரத்துக்குத்தான், ஒன்று மட்டும் இம்மியளவு உயர்வாக. அந்த வித்தியாசம்தான் நடுக்கம். அதை சென்ட் கணக்கில் சொல்வார்கள். ஒரு அரைச்சுரம் 100 சென்ட். 440 ஹெர்ட்ஸ் ஏ சுரத்தில் 5 சென்ட் வித்தியாசம் விநாடிக்கு 1.3 துடிப்பு, 10 சென்ட் 2.5 துடிப்பு, 20 சென்ட் 5 துடிப்பு. ஆரம்பப் பெட்டிகள் பல 20 சென்ட்டையும் தாண்டி, நடுக்கம் மிகுந்து, அதாவது ஈரமாக வரும். தனியாக வாசித்தால் இனிமை போலத் தோன்றும், வயலினோடு சேர்த்தால் சுருதி ஒட்டாது. பழைய ஐரிஷ் பதிவுகளிலும் அந்த ஈர ஒலி உண்டு, அதில் ஆசை உள்ளவர் அதையே கேட்டு வாங்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது 5 முதல் 10 சென்ட் வரை. விற்பவரிடம் "உலர்ந்த சுருதியா" (நடுக்கம் குறைவா) என்று மட்டும் கேட்டால் ஆளுக்கொரு பொருளில் பதில் வரும். ஏ சுரத்தில் எத்தனை சென்ட் என்று கேளுங்கள், எண் சொல்லத் தெரியாதவரிடம் அந்தச் சுரத்தை நீட்டி வாசிக்கச் சொல்லித் துடிப்பை எண்ணுங்கள்.

வெள்ளவத்தைப் பக்கம் வயலின் பழகியவரைத் தேடிப்பிடித்துச் சேர்ந்து வாசிக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கர்நாடக வயலின் ச ப ச ப என்று பாடகரின் சுருதிக்குச் சேர்த்தது. பெட்டியின் சுருதி நிலையானது, அதை ஏற்றி இறக்க முடியாது. வயலின்காரர்தான் ஜி, டி, ஏ, ஈ என்று 440க்கு மாற்ற வேண்டும், அதற்குத் தனித் தந்தித் தொகுதி வைத்திருப்பது நல்லது.

பேஸைப் பற்றிச் சுருக்கமாக. பல பி/சி பெட்டிகளில் இடப்பக்கம் சி, பி சுருதிகளுக்கு ஏற்றபடி அமைந்திருக்கும். டி, ஜி மெட்டுக்கு அழுத்தினால் மெட்டோடு முட்டும். புதிதாக வாங்கும்போது ஐரிஷ் மெட்டுக்கு ஏற்ற பேஸ் அமைப்பைக் கேளுங்கள், கூடவே கோர்ட்டுகளிலிருந்து (பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு) மூன்றாம் சுரத்தை நீக்கியோ நிறுத்தும் ஸ்டொப் வைத்தோ தரச் சொல்லுங்கள். மூன்றாம் சுரம் இல்லாவிட்டால் ஒரே கோர்ட் மேஜருக்கும் மைனருக்கும் ஒத்துப்போகும்.

விசைப்பலகையில் பார்க்க வேண்டியது பட்டன் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, இறங்கும்போது எவ்வளவு சத்தம் என்பவைதான். படிக்கட்டுப் பலகையில் இரண்டு வரிசையும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும், தட்டையான பலகையில் ஒரே மட்டம். பழகிய வகையிலேயே இருங்கள்.

பாவித்த பெட்டி வாங்கும்போது

புதுப் பெட்டிகளில் இத்தாலியின் ரெகனாட்டி நகரில் 1914 முதல் செய்துவரும் கஸ்தன்யாரியும், சால்டரெல் பெட்டிகளும் இந்த இசைக்கு நன்றாகப் பொருந்தும். கஸ்தன்யாரியின் லில்லி போன்ற இரண்டு குரல் மாதிரி சிறியது, இலகுவானது, பதில் சொல்வதில் மிக வேகம். காஸ்டல்பிடார்டோவின் பாவ்லோ சொப்ரானி பெட்டிகளில் 1940, 50களின் சாம்பல் நிறப் பெட்டிக்கு அயர்லாந்தில் இன்றும் தனி மதிப்பு. ஆனால் திருத்துபவர் பக்கத்தில் இல்லாத ஊரில் அந்த வயதுள்ள பெட்டி வேண்டாம் என்பேன். ரீட்டைக் கட்டையில் பிடித்திருக்கும் மெழுகும் தோலும் தம் ஆயுளைத் தாண்டியிருக்கும்.

அயர்லாந்திலோ இங்கிலாந்திலோ உள்ள சிறப்புக் கடையொன்று பிரித்துத் திருத்தி, சுருதி சேர்த்து விற்கும் பாவித்த பெட்டிதான் கொழும்புக்காரருக்கு ஏற்ற தேர்வு. சும்மா தனியாரிடம் குறைந்த விலைக்கு வாங்கி இங்கே கொண்டுவந்தால், மிச்சம் பிடித்த காசு பெட்டியைத் திருப்பி அனுப்பவே போய்விடும். 

லண்டனிலோ டப்ளினிலோ உள்ள உறவினரை அனுப்பிப் பார்ப்பதானால், அக்கோடியனே தெரியாதவரும் செய்யக்கூடிய வேலையை மட்டும் கொடுங்கள். காணொளி அழைப்பில் துருத்தியைத் தொங்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பட்டனையும் ஓரத்திலிருந்து வரிசையாக, ஒரு தடவை விரித்தும் ஒரு தடவை சுருக்கியும், ஒவ்வொன்றும் மூன்று விநாடி நீட்டிப் பதிவு செய்யட்டும். ஸ்டொப் இருந்தால் குரல்களைத் தனித்தனியே. அழைப்பின் ஒலி நம்பத் தகுந்ததல்ல, ஆகவே கைபேசியில் தனியாகப் பதிந்து கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். பிறகு கடைக்காரரிடம் ரீட் பொருத்தியிருக்கும் கட்டைகளின் படம் கேளுங்கள். மெழுகு தேன் நிறத்தில் மினுமினுப்பாக இருக்க வேண்டும். மங்கி, வெடித்து, பொடியாக இருந்தால் முழுவதும் புதிதாக ஊற்ற வேண்டிவரும். காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் தோல் வால்வுகள் தகட்டோடு ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். சுருண்டு நின்றால் அந்தச் சுரம் தொடங்கும்போது பட்டென்ற சத்தம் வரும். நாக்கில் செம்புள்ளி தெரிந்தால் பெட்டியை விட்டுவிடுங்கள், விலை எதுவானாலும் சரி.

கொண்டுவருவது கைப்பையாகவே இருக்க வேண்டும். இரண்டு குரல் பெட்டி ஏறத்தாழ 3 முதல் 4 கிலோ. அதை வைக்கும் பெட்டகம் மெல்லியதாக இருந்தால் பல விமான நிறுவனங்களின் 7 கிலோ வரம்புக்குள் அடங்கும். சரக்கறையில் போடும் பொதி விழுந்தால் மெழுகிலிருந்து ரீட் கழன்றுவிடும். தபாலிலோ கூரியரிலோ வருவதானால் கடையின் விலைச்சீட்டில் பாவித்த பொருள் என்று தெளிவாக எழுதியிருக்கட்டும். சுங்கப் பட்டியலில் அக்கோடியன் 9205 என்ற தலைப்பில், காற்று வாத்தியங்களோடு வரும். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். மற்ற வரிகள் வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறுவதால், ஓடர் கொடுக்கும் முன்பு அந்த இலக்கத்தைச் சொல்லிச் சுங்கத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழும்புக் காற்று

நல்ல ரீட் வாங்கிய பிறகு அதைக் கெடுப்பது இந்த ஊரின் ஈரமும் உப்பும்தான். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடலோரத்தில் ஜன்னலைத் திறந்து வாழும் வீட்டில், உருக்கு நாக்கு துருப்பிடிக்க வருடக்கணக்கு தேவையில்லை. துரு நாக்கின் எடையையும் விறைப்பையும் மாற்றுவதால் சுருதி நழுவும். அதைச் சுரண்டினாலும் மாறும்: நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், தறையணிக்கு (நாக்கைத் தகட்டில் பிடிக்கும் ஆணி) அருகே சுரண்டினால் இறங்கும். ஆகவே துரு வராமல் பார்ப்பது ஒன்றே வழி.

படக்கருவிகளுக்கு விற்கும் ஈரமகற்றும் மின் அலுமாரி இருந்தால் பெட்டியை அதில் 45 முதல் 55 வீத ஈரப்பதத்தில் வையுங்கள். 40க்குக் கீழே போகவிடாதீர்கள், மரம் சுருங்கி ரீட் கட்டைகளுக்கு அடியில் காற்றுப் போகும். அலுமாரிக்கு வசதி இல்லாவிட்டால், ரப்பர் ஓரம் வைத்து இறுக மூடும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியும், அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லும், சின்ன ஈரமானியும் போதும். ஜெல்லைத் துணிப்பையில் கட்டித் துருத்தியில் படாமல் ஓரத்தில் வையுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது நிறைந்தது என்று தெரியும். மின் அடுப்பில் (oven) 110 பாகையில் இரண்டு மணிநேரம் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். வைகாசி தொடங்கித் தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் ஜெல் மிக விரைவில் நிறையும். பெட்டியைப் படுக்கவைக்காமல், வாசிக்கும் நிலையில் அதன் கால்களில் நிற்கவைத்தால் தோல் வால்வுகள் தொங்கி வளையாது.

குளிரூட்டிய மண்டபத்தில் வாசித்துவிட்டு வெளியே வந்த உடனே வாசிக்காதீர்கள். ரீட் குளிர்ந்திருக்கும்; வெளிக் காற்றைத் துருத்தியால் உள்ளே இழுத்தால் ஒவ்வொரு நாக்கின் மேலும் நீர் படியும். மூடிய பெட்டகத்துக்குள்ளேயே அரைமணி நேரம் இருக்கட்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப்போவது அதைவிட மோசம். தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகி ரீட்டைத் தளரவிடும். ஒரு பட்டனை அழுத்தும்போது பக்கத்துச் சுரமும் முனகினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பட்டன் இறுகினால் மெஷின் எண்ணெய் விடும் பழக்கமும் வேண்டாம். எண்ணெய் வழிந்து மெழுகை இளக்கும், ரீட்டில் தூசியை ஒட்டவைக்கும். பட்டன் துளையின் ஓரத்தை உலர்ந்த தூரிகையால் துடைத்து, அதற்கும் சரிவராவிட்டால் நெம்புகோலைக் கழற்றிப் பார்க்கலாம்.

புதிய பெட்டி வந்ததும், வாசிக்கத் தொடங்கும் முன்பே, எல்லாப் பட்டன்களையும் இரண்டு திசையிலும் ட்யூனரோடு பதிந்து வைத்துவிடுங்கள். வருடத்துக்கொரு தடவை அதே மாதிரிப் பதிந்து ஒப்பிட்டால், எந்த ரீட் நழுவுகிறது என்பது காதுக்கு எட்டும் முன்பே தெரியும். கடைக்கு எழுதும்போதும் "ஏதோ சரியில்லை" என்பதற்குப் பதில் எந்த வரிசை, எத்தனையாவது பட்டன், விரிப்பா சுருக்கா, எத்தனை சென்ட் என்று எழுதலாம். அவர்கள் அந்த ஒரு ரீட்டை மட்டும் தகட்டோடு செய்து அனுப்ப அந்த விவரம் போதும்.